உருளும் பொருள் கணக்குக்கு அடங்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளஸ் ஒன் இயற்பியலில் திண்பொருள் இயக்கத்தை நடத்தி முடித்ததும் கேள்விகள் இரண்டு பக்கமிருந்து வரும். சிலருக்குக் கணக்கின் விடை புத்தகத்தோடு சேராது. சிலருக்கு விடை சரியாக இருக்கும். ஆனால் அறிவியல் கண்காட்சிக்காகப் பலகையைச் சாய்த்து உருட்டிப் பார்த்தால் பொருள் அந்த விடையின்படி ஓடாது. இந்த இரண்டாம் கூட்டத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். பாடத்தை நம்பிக் கையில் எடுத்துச் சோதிக்கிறவர்கள் அவர்கள்தான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பொருள் தளத்தைத் தொடும் புள்ளி, தொடுகிற அந்தக் கணத்தில், நிற்கிறதா நழுவுகிறதா? நின்றால் அது தூய உருளுதல். மையத்தின் வேகம், ஆரத்தையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். நழுவினால் அந்தச் சமன்பாடு செல்லாது. இதைக் கேட்காமலேயே கணக்கைத் தொடங்குவதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம்.

எல்லாச் சோதனைக்கும் ஒரே சாய்தளத்தை வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் நீளமுள்ள, நன்றாக இழைத்த சில்வர் ஓக் பலகை போதும். ஒரு முனையின் அடியில் 16.7 சென்டிமீட்டர் உயரத்துக்கு அண்டை கொடுங்கள். அப்போது சரிவு 12-க்கு 1. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான சரிவும் இதுதான். கோணம் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும். உருளும் பொருளுக்கு இதுவே தாராளம்.

சூத்திரத்தில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாற்றத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பை), நிறையும் ஆரத்தின் இருமடியும் பெருக்கியதால் வகுத்தால் வருகிற எண் அது. இந்தக் கட்டுரைக்கு அதை வடிவ எண் என்று சொல்கிறேன். மெல்லிய வளையத்துக்கு 1. மெல்லிய ஓடு மட்டும் உள்ள பந்துக்கு 2/3. திண்ம உருளைக்கும் வட்டுக்கும் 1/2. திண்மக் கோளத்துக்கு 2/5. சாய்தளத்தில் உருளும் முடுக்கம் என்பது, ஜி சைன் தீட்டாவை (1 + வடிவ எண்) ஆல் வகுத்தது; ஜி புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா சரிவுக் கோணம். எடையும் ஆரமும் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: முடுக்கம் ஜி சைன் தீட்டா என்றே வருகிறது

பொருளைச் சுழற்றும் திருப்புவிசைக்கான சமன்பாட்டை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது உராய்வைச் சுழியம் என்று வைத்துவிட்டீர்கள். உராய்வு இல்லாவிட்டால் பொருளைச் சுழற்ற வேறு விசை இல்லை. எடை மையம் வழியாகச் செல்கிறது. தளம் பொருளைத் தள்ளும் செங்குத்து விசையும் மையம் வழியாகவே செல்கிறது. இரண்டுக்கும் மையத்தைப் பற்றித் திருப்புவிசை கிடையாது. அப்படிப்பட்ட தளத்தில் பந்து உருளாது, ஐஸ்கட்டி போல வழுக்கிக்கொண்டு வரும். விடை தப்பில்லை, அது வேறொரு கேள்விக்கான விடை.

அறிகுறி: உராய்வுக்கு மியூ எம் ஜி காஸ் தீட்டா போட்டேன், விடை சேரவில்லை

அதிகம் பேர் விழும் பள்ளம் இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உராய்வு என்றாலே மியூவை, அதாவது உராய்வுக் குணகத்தை, செங்குத்து விசையால் பெருக்கு என்று கை பழகிவிடுகிறது. அந்தப் பெருக்கற்பலன் நழுவும் பரப்புக்கு உரியது. நழுவாத பரப்பில் உராய்வுக்கு நிலையான மதிப்பு எதுவும் கிடையாது. தேவைப்படும் அளவு மட்டும் வரும். மியூவை வைத்துச் சொல்லக்கூடியது உச்ச வரம்பு ஒன்றுதான்.

அப்படியானால் எவ்வளவு தேவை? அதை இயக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும். திண்ம உருளையை எடுங்கள். அதன் முடுக்கம் ஜி சைன் தீட்டாவில் 2/3 பங்கு. எடையின் சரிவுக் கூறு முழுப் பங்கையும் இழுக்கிறது. மையம் 2/3 பங்கு மட்டுமே முடுக்கம் பெறுகிறது. மீதி 1/3 பங்கை மேல்நோக்கிப் பிடித்துவைப்பது உராய்வு. ஆகவே உருளைக்கு உராய்வு என்பது எடையின் சரிவுக் கூறில் மூன்றில் ஒன்று. வளையத்துக்குப் பாதி. திண்மக் கோளத்துக்கு ஏழில் இரண்டு. மியூ இங்கே வரவே இல்லை.

மியூ வருகிற இடம் அடுத்தது. இந்தத் தேவையைத் தளத்தால் கொடுக்க முடியுமா என்று பார்க்கும்போதுதான் அது வேண்டும். வளையம் நழுவாமல் உருள மியூ குறைந்தது டேன் தீட்டாவில் பாதி இருக்க வேண்டும். உருளைக்கு மூன்றில் ஒன்று. கோளத்துக்கு ஏழில் இரண்டு. நம் பலகையில் டேன் தீட்டா ஏறக்குறைய 0.083. வளையத்துக்கே மியூ 0.042 இருந்தால் போதும். உலர்ந்த மரத்தில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அதனால்தான் இந்தச் சரிவில் எல்லா வடிவங்களும் நம்பிக்கையோடு உருள்கின்றன.

அறிகுறி: உராய்வின் திசை புரிபடவில்லை

இயக்கத்துக்கு எதிர்த்திசையில் உராய்வு என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். பந்து கீழே உருளும்போது மேல்நோக்கி உராய்வு: விடை சரியாக வந்துவிடுவதால் விதியும் சரி என்று தோன்றும். அதே பந்தை அடியிலிருந்து மேல்நோக்கி உருட்டிவிடுங்கள். இப்போது உராய்வு எந்தப் பக்கம்?

இப்போதும் மேல்நோக்கித்தான். பந்து ஏற ஏற வேகம் குறைகிறது. உருளுதல் நீடிக்க வேண்டுமானால் சுழற்சியும் கூடவே குறைய வேண்டும். சுழற்சியைக் குறைக்கும் திருப்புவிசையை, தொடுபுள்ளியில் மேல்நோக்கி வரும் உராய்வு மட்டுமே தர முடியும். எனவே திசையைப் பயணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுழற்சி கூடவேண்டுமா குறையவேண்டுமா என்று கேளுங்கள். விடை தானாக வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விளைவு ஒன்று உண்டு. ஒரு திண்மக் கோளம் உருண்டுவந்து, சற்றும் உராய்வில்லாத சரிவில் ஏறி 1 மீட்டர் உயரம் எட்டுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் வந்து, நழுவாத சரிவில் ஏறினால் 1.4 மீட்டர் எட்டும். உராய்வு இருந்தால் அதிக உயரம்! வழவழப்பான சரிவில் கோளம் தன் சுழற்சி ஆற்றலை வைத்துக்கொண்டே நின்றுபோகிறது; உச்சியிலும் அது சுழன்றுகொண்டுதான் இருக்கும். உராய்வுள்ள சரிவில் அந்த ஆற்றலும் ஏற்றத்துக்குச் செலவாகிறது.

பேருந்துக்கு வந்தால், ஏற்றத்தில் எஞ்சின் சுழற்றும் பின்சக்கரங்களில் உராய்வு முன்னோக்கி இருக்கும். அதுதான் வண்டியையே தள்ளுகிறது. வேகம் கூடும்போது, எஞ்சினோடு தொடர்பில்லாத முன்சக்கரங்களில் உராய்வு பின்னோக்கி. ஒரே வண்டி, ஒரே சாலை, இரு திசைகள்.

அறிகுறி: உருளைக்கும் கோளத்துக்கும் நேரம் ஒன்றாகவே வருகிறது

ஸ்டாப்வாட்சை வைத்துவிட்டு முதலில் எண்களைப் பாருங்கள். நம் இரண்டு மீட்டர் பலகையில், ஓய்விலிருந்து விட்டால், திண்மக் கோளம் இறங்க 2.62 வினாடி. உருளைக்கு 2.71. ஓடு மட்டும் உள்ள பந்துக்கு 2.86. வளையத்துக்கு 3.13. கோளத்துக்கும் உருளைக்கும் இடையே 0.09 வினாடிதான் வேறுபாடு. கண்ணால் பார்த்துக் கையால் பொத்தானை அழுத்தும் தாமதமே அதைவிட அதிகம். ஆகவே உங்கள் கையில் பிழையில்லை, சோதனையை அமைத்த முறையில்தான் பிழை.

நேரத்தை அளக்காதீர்கள், இடைவெளியை அளங்கள். இரண்டையும் அருகருகே வைத்து ஒரே அளவுகோலால் தடுத்துப் பிடியுங்கள். அளவுகோலைக் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று விலக்குங்கள். மேல்நோக்கித் தூக்கினால் பொருளை உரசி ஒரு சுழற்சியைக் கொடுத்துவிடும். ஒன்று இரண்டு மீட்டர் கோட்டைத் தாண்டும் கணத்தில் மற்றது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுத்து அந்தப் படச்சட்டத்தில் நிறுத்தினால் துல்லியமாகத் தெரியும்.

ஓய்விலிருந்து ஒரே நேரம் ஓடினால் தூரங்களின் விகிதமும் முடுக்கங்களின் விகிதமும் ஒன்றே. கோளம் 5/7, உருளை 2/3. விகிதம் 15-க்கு 14. கோளம் 200 சென்டிமீட்டர் ஓடி முடிக்கும்போது உருளை 186.7-இல் இருக்கும். பின்தங்கல் 13 சென்டிமீட்டருக்கு மேல்! கடிகாரத்தில் தெரியாத வேறுபாடு, பலகையில் அரைச் சாணுக்கு மேல் வந்து நிற்கிறது. ஓடு மட்டும் உள்ள பந்து 32 சென்டிமீட்டர் பின்தங்கும், வளையம் 60 சென்டிமீட்டர்.

இதன் அழகு என்னவென்றால், சரிவுக் கோணமும் புவியீர்ப்பு முடுக்கமும் விகிதத்திலிருந்து கழன்றுபோகின்றன. அண்டை கொடுத்த உயரம் ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் 13 சென்டிமீட்டர் மாறாது. கண்காட்சி மேசை சமமாக இல்லாத பள்ளிகளில் இது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. ஆரம் வேறுபடும் பொருள்களைப் போட்டிக்கு விடும்போது முன் விளிம்பை விளிம்போடு ஒப்பிடாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மையத்தையே பாருங்கள். பெரிய பொருளின் விளிம்பு மையத்தைவிட வெகுதூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

வளையத்துக்குப் பதில் பிவிசி குழாய்த் துண்டு எடுத்தால் வடிவ எண் சரியாக 1 வராது. உள் ஆரத்தின் இருமடியையும் வெளி ஆரத்தின் இருமடியையும் கூட்டி, வெளி ஆர இருமடியின் இரண்டு மடங்கால் வகுங்கள். வெளி ஆரம் 55, உள் ஆரம் 52 மில்லிமீட்டர் உள்ள குழாய்க்கு 0.947 வரும். கண்காட்சி நடுவர் கேட்டால் சொல்ல இது கையில் இருக்கட்டும்.

அறிகுறி: எந்த வடிவத்தை விட்டாலும் எல்லாம் ஒன்றாகவே இறங்குகின்றன

முந்தைய அறிகுறி போலத் தோன்றும், காரணம் முற்றிலும் வேறு. இங்கே இடைவெளி உண்மையிலேயே இல்லை. பலகையை மிகவும் தூக்கிவிட்டீர்கள், எல்லாமே நழுவுகின்றன. முழுதாக நழுவும் பொருளின் முடுக்கத்தில் வடிவ எண் கிடையாது. சரிவும் மியூவும் மட்டும்தான். மியூ ஒன்றாக இருந்தால் வளையமும் கோளமும் ஒரே முடுக்கத்தில் வரும். அவை வேறு வேறு அளவு சுழன்றுகொண்டு வருவது மட்டும்தான் வித்தியாசம்.

மியூ 0.3 உள்ள பலகையில் வளையம் 31 டிகிரியில் நழுவத் தொடங்கும், உருளை 42-இல், கோளம் 46-இல். போட்டி நன்றாக விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று சிலர் பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த விறுவிறுப்பில் இயற்பியலே தொலைந்துபோகிறது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சு இறங்கிய காலையில் வார்னிஷ் அடித்த பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இது அன்றாடம். மியூ 0.1-க்கு இறங்கிவிட்டால் வளையம் 11 டிகிரியிலேயே நழுவும். நேற்று சரியாக ஓடிய சோதனை இன்று தப்பினால் முதலில் பலகையை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

நழுவுகிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. உருளையின் விளிம்பில் ஈரச் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். உருண்டு வரும்போது அது பலகையில் இடைவெளி விட்டுத் தடம் பதிக்கும். அடுத்தடுத்த தடங்களின் தூரம் சுற்றளவுக்குச் சமமானால் தூய உருளுதல். கூடுதலாக இருந்தாலோ தடம் இழுபட்டுக் கோடாகத் தெரிந்தாலோ நழுவல். கணினியோ சென்சாரோ வேண்டாம்.

அறிகுறி: கோலிகுண்டு கணக்கிட்டதைவிட மெதுவாகவே வருகிறது

எதில் உருட்டினீர்கள்? குண்டு பக்கவாட்டில் ஓடிவிடாமலிருக்க எல் ஆங்கிள் இரும்பைக் கவிழ்க்காமல் காடி போல வைத்து உருட்டினால் இந்த விளைவு வரும். குண்டு இப்போது அடியில் ஒரு புள்ளியில் நிற்கவில்லை. இரு பக்கச் சுவர்களில் இரண்டு புள்ளிகளில் நிற்கிறது. அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடுதான் கணத்துக்குக் கணம் நிற்கும் அச்சு. மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள தூரம் குண்டின் ஆரத்தைவிடக் குறைவு. செங்கோண ஆங்கிளில் அது ஆரத்தை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரமே போகும், ஆகவே அதே வேகத்துக்கு அதிகச் சுழற்சி வேண்டும். வடிவ எண் 0.4-லிருந்து 0.8-க்கு இரட்டிக்கிறது. முடுக்கம் ஜி சைன் தீட்டாவில் 0.714 பங்கிலிருந்து 0.556-க்கு இறங்குகிறது.

10 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான அலுமினியச் சேனலின் விளிம்புகளில் 16 மில்லிமீட்டர் குண்டு ஏறி ஓடினால் இந்த முடுக்கப் பங்கு 0.604 வரும். ஓடு மட்டும் உள்ள பந்தின் மதிப்பான 0.6-க்கு ஏறக்குறைய சமம். உங்கள் குண்டுக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டாம். கலிலியோவும் வெண்கலக் குண்டைக் காடியில்தான் உருட்டினார். 1638-இல் வெளியான நூலில் அந்தச் சோதனையை விவரித்திருக்கிறார். தூரம் நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதைக் காடி பாதிக்காது, மாறுவது முடுக்கத்தின் அளவு மட்டும்தான்.

அறிகுறி: தண்ணீர் நிரப்பிய பாட்டில் எல்லாவற்றையும் முந்திவிடுகிறது

நிரப்பிய பாட்டில் திண்ம உருளை போல நடக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது திண்பொருளே இல்லை. பாட்டிலின் ஓடு சுழல்கிறது, உள்ளே தண்ணீர் பெரும்பாலும் சுழலாமல் இறங்குகிறது. சுழற்றப்பட வேண்டியது ஓடு மட்டும். 25 கிராம் ஓட்டில் 500 கிராம் தண்ணீர் என்றால் வடிவ எண் 0.05-க்கும் குறைவு, முடுக்கம் ஜி சைன் தீட்டாவில் 0.95 பங்கு. நம் பலகையில் திண்ம உருளையை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிடும். சுவரை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் கூடவே இழுபடுவதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.

இதை விளக்க நீலகிரியில் நமக்குக் கிடைத்திருக்கும் கருவி தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரி அருகில் உறைகிறது. ஊட்டியில் மார்கழி, தையில் எண்ணெய் பாட்டில் எந்த நேரமும் வெள்ளைக் கட்டியாகவே இருக்கும், தலைக்குத் தடவ அடுப்பு ஓரம் வைக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். ஒரே மாதிரி, பக்கம் வழவழப்பான, நேர்உருளை வடிவப் பாட்டில்கள் இரண்டை ஒரே அளவு எண்ணெயால் விளிம்பு வரை நிரப்புங்கள். ஒன்றை வெந்நீரில் வைத்து உருக்குங்கள், மற்றது குளிரில் கட்டியாக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து விடுங்கள். எடை ஒன்று, ஆரம் ஒன்று, பொருளும் ஒன்று. உருகியது முந்தும். உறைந்த எண்ணெய் முழுவதும் ஓட்டோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். உருகியதில் நடுப்பகுதி சும்மா வருகிறது. சமவெளியில் இதைச் செய்து காட்ட ஃபிரிட்ஜ் வேண்டும். இங்கே ஜன்னல் ஓரம் போதும்.

எண்ணெய் தண்ணீரைவிடக் குழகுழப்பானது. சுவரை ஒட்டிய கணிசமான பகுதி கூடவே இழுபட்டுச் சுழலும். ஆகவே தண்ணீரில் பார்த்த அளவு இடைவெளியை இதில் எதிர்பார்க்காதீர்கள். எண்ணெயை நன்றாகச் சூடாக்கி இளக்கினால் இடைவெளி கூடும். உறைந்த பாட்டில் தடுமாறித் தடுமாறி உருண்டால் உள்ளே குழி விழுந்திருக்கிறது என்று பொருள். உறையும்போது எண்ணெய் சுருங்கும். பாட்டிலை நிற்க வைத்து மெதுவாக உறையவிட்டால் குழி அச்சை ஒட்டியே அமையும்.

அறிகுறி: சமதளத்தில் உராய்வு சுழியம் என்கிறது பாடம், ஆனால் பந்து நின்றுவிடுகிறது

திண்பொருள் சமதளத்தில் சீராக உருளும்போது உராய்வு தேவையில்லை என்பது சரி. நிற்பதற்குக் காரணம் உராய்வு என்று பின்னோக்கி ஓர் அம்பு வரைந்தால் சிக்கல் பெரிதாகும். அந்த விசை மையத்தின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் சுழற்சியைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து நடக்க முடியாது.

உண்மையில் பந்தும் தரையும் கொஞ்சம் அமுங்குகின்றன. தொடுகை புள்ளியாக இல்லாமல் சிறு பரப்பாகிறது. அமுங்கும் முன்பகுதி அதிகமாகத் தள்ளுகிறது, விடுபடும் பின்பகுதி குறைவாகத் தள்ளுகிறது. ஆகவே செங்குத்து விசை மையத்துக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னால் செயல்பட்டு, சுழற்சியைக் குறைக்கும் திருப்புவிசையைத் தருகிறது. படத்தில் அந்த அம்பை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி வரையுங்கள், முரண் தீரும். காற்றிறங்கிய சைக்கிளை மிதிக்க ஏன் பலம் வேண்டும், எஃகு தண்டவாளத்தில் எஃகு சக்கரம் ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது என்பவையும் இதிலேயே அடங்கும்.

அறிகுறி: சக்கரத்தின் அடிப்பகுதி பின்னோக்கி நகர்வதாக விடை வருகிறது

சாலைச் சக்கரத்துக்கு என்றால் ஆரத்தையும் திசைவேகத்தையும் சரிபாருங்கள். உச்சிப்புள்ளிக்கு மையத்தின் இரு மடங்கு வேகம், தொடுபுள்ளிக்குச் சுழியம், அதற்குக் கீழே எதுவும் இல்லை. ரயில் சக்கரத்துக்கு என்றால் விடை சரிதான்! தண்டவாளத்தின் தலைக்குக் கீழே இறங்கி நிற்கும் விளிம்புப் பட்டை, தொடுபுள்ளியைவிட மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ரயில் ஊட்டி நோக்கி ஏறும்போதும் அந்தப் பட்டையின் அடிப்புள்ளி ஒவ்வொரு கணமும் மேட்டுப்பாளையம் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: 12-க்கு 1 சரிவில் எஞ்சின் சக்கரமே ஏறிவிடும் என்று கணக்கு சொல்கிறது, பிறகு பல்சக்கரம் எதற்கு?

மியூவை எஞ்சினின் எடையால் பெருக்கியிருப்பீர்கள், தூக்க வேண்டிய எடையில் பெட்டிகளை விட்டிருப்பீர்கள். பெட்டிகளையும் சேருங்கள். எஞ்சினின் எடை முழுவதும் இயக்கும் சக்கரங்களின் மேல் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஈரத் தண்டவாளத்தில் மியூ 0.1 என்றால், நழுவாமல் கிடைக்கும் உச்ச விசை எஞ்சின் எடையில் பத்தில் ஒன்று. சரிவில் தேவைப்படுவது மொத்த ரயில் எடையில் பன்னிரண்டில் ஒன்று. சமப்படுத்தினால் பெட்டிகளின் எடை எஞ்சின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வரும். அப்படி ஒரு ரயிலால் யாருக்கும் பயனில்லை.

அதனால்தான் 1899-இல் குன்னூர் வரை திறந்த பாதையில், கல்லாறுக்கு மேல் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரட்டைச் சட்டங்கள் பதிக்கப்பட்டன. ஆப்ட் முறை என்று பெயர். ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம் வருமாறு மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடி விடாது. எஞ்சினும் இறக்கப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. கணக்குப் போடுகிறவருக்கு இதன் பொருள் எளிது: பல்சக்கரம் மாட்டியிருக்கும் இடத்தில் நழுவாமை நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டியதில்லை. பல் அதை உறுதி செய்துவிடுகிறது. மியூ கணக்கிலேயே வராது.

அறிகுறி: உருளும்போது உராய்வு வேலை செய்யாது என்றால் பிரேக் ஏன் சூடாகிறது?

ஆற்றல் கணக்கில் உராய்வின் வேலையைக் கழித்து, விடை குறைவாக வருகிறவர்களுக்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது. தூய உருளுதலில் விசை செயல்படும் புள்ளி அந்தக் கணத்தில் நகரவில்லை, ஆகவே உராய்வு செய்யும் வேலை சுழியம். இறங்கும் உயரத்தின் நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறி, இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் பங்கு பிரிகிறது: வளையத்துக்குப் பாதிப் பாதி, உருளைக்கு 2-க்கு 1, திண்மக் கோளத்துக்கு 5-க்கு 2. எதையும் கழிக்காதீர்கள்.

இனி பிரேக். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் 1.47 கோடி ஜூல் எங்காவது போயாக வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் 44 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் ஆற்றல் அது. சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்வரை சாலையும் டயரும் தொடும் இடத்தில் நழுவல் கிடையாது; வண்டியைப் பிடித்து நிறுத்தும் வெளிவிசை அங்கிருந்து வந்தாலும் ஆற்றல் அங்கே சூடாவதில்லை. நழுவல் இருப்பது பிரேக் லைனிங்கும் டிரம்மும் உரசும் இடத்தில். முழு ஆற்றலும் அங்கே வெப்பமாகிறது. மிகச் சூடானால் லைனிங்கின் பிடிமானம் குறைந்து பிரேக் பிடிக்காமல் போகும்.

பயத்தில் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தையே பூட்டிவிட்டால் நழுவல் இடம் மாறுகிறது. டிரம் உரசவில்லை, டயர் சாலையை உரசுகிறது. தொடுபுள்ளி நகர்வதால் இயக்க உராய்வு மட்டுமே மிஞ்சும்; அது ஓய்வுநிலை உராய்வின் உச்சத்தைவிடக் குறைவு. அதைவிட மோசம், இயக்க உராய்வு நழுவும் திசைக்கு நேர் எதிராகவே வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வளைவுக்குத் தேவையான பக்கவாட்டு விசை கிடைக்காது. ஏபிஎஸ் அமைப்பு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது சக்கரத்தைத் திரும்ப உருளவைக்கத்தான்.

முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கச் சொல்வதும் இதே கணக்குத்தான். கியர் குறைந்தால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கும். எஞ்சினின் உள் உராய்வும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் அந்த 1.47 கோடி ஜூலில் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே அனுப்பிவிடும். டிரம்முக்கு மிச்சப் பங்கு மட்டும் போகும். நியூட்ரலில் இறக்கினால் அந்தப் பங்கும் டிரம்மின் தலையில்தான்.